அர்ஜென்ட்டுக்கு அர்த்தம்

சட்டைப் பையில் இருந்த சின்னப் பெட்டியை எந்த ட்ரேயில் வைப்பது என்று தெரியாமல், லேப் மேனேஜர் தன் சொந்த லேப்பின் கவுண்டர் முன்னால் யாரோ மூன்றாம் மனிதர் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

கவுண்டரில் இரண்டு ட்ரே. சிவப்பு, அர்ஜென்ட் ஸ்டிக்கர் ஒட்டியவற்றுக்கு. வெள்ளை, சாதாவுக்கு. காலை நேரம்தான், அதற்குள் சிவப்பு ட்ரேயில் ரத்தக் குழாய்களும் பாட்டில்களும் இடமில்லாமல் முட்டி மோதிக்கொண்டிருந்தன. வெள்ளை ட்ரே காலி. அதில் கவுண்டர் அக்கா தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டை வைத்திருந்தாள்.

பெட்டிக்குள் இருந்தவை இரண்டு ஸ்லைடு, அதாவது கண்ணாடிச் சில்லுகள். அவர் மனைவியின் கழுத்தில் வந்திருந்த கட்டியில் நேற்று ஊசி போட்டு எடுத்த திசுவைத் தடவியவை. அந்தக் கட்டியை முதலில் பார்த்ததே அவர்தான். தினமும் காலையில் அவள் செயினுக்குக் கொக்கி மாட்டிவிடுவது அவர் வேலை. போன வாரம் மாட்டும்போது, "இது என்னடி இங்க?" என்று கேட்டார். "எது எங்க?" என்று அவள் தடவிப் பார்த்தாள். அதற்கப்புறம் இரண்டு பேருமே சரியாகத் தூங்கவில்லை. ஆனால் தூங்குவதாக ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள்.

"என்ன சார், சிவப்பா, வெள்ளையா?" என்றாள் கவுண்டர் அக்கா.

சிவப்பு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். வீட்டு வாசலில் மனைவி சொல்லி அனுப்பியது காதில் கேட்டது.

"இதோ பாருங்க. ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் அர்ஜென்ட்ங்கற வார்த்தைக்கு அர்த்தம் சொல்லி அவங்க மானத்தை வாங்குனீங்க. நம்ம வீட்டுக்குன்னு வந்ததும் அர்த்தம் மாறிடுமா? என் பெட்டியில சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுனீங்க, அப்புறம் நான் உங்ககூடப் பேச மாட்டேன்."

"அதுக்கில்லம்மா..."

"எதுக்கும் இல்ல. சாதாவுல குடுங்க. வர்றப்ப வரட்டும்."

அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். போட்ட விடையை அழித்து எழுதும் வழக்கம் அவளிடம் கிடையாது.

அவள் சொன்னதில் தப்பும் இல்லை. மேனேஜருக்கு லேப்பில் அகராதி என்று பெயர். அவர் காதில் விழாத தூரத்தில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். இரண்டு வாரத்துக்கு முன்னால் அத்தனை பேரையும் நிற்க வைத்து ஒரு மீட்டிங் போட்டார். மனுஷன் அன்றைக்குப் பேசியது ஒரே ஒரு வார்த்தையைப் பற்றி.

"அர்ஜென்ட்னா என்ன? யாராவது சொல்லுங்க."

"சீக்கிரம் வேணும்னு அர்த்தம் சார்" என்றார் சீனியர். மெஷின்களையெல்லாம் பார்த்துக்கொள்ளும் மூத்த டெக்னீஷியன் அவர்.

"தப்பு. இப்பச் செய்யலைன்னா அப்புறம் செஞ்சு பிரயோஜனமே இல்லைங்கற விஷயம்தான் அர்ஜென்ட். ஒருத்தர் ஜிம்முல சேரணும்னு கொழுப்பு டெஸ்ட்டுக்குக் குடுத்துட்டு அர்ஜென்ட்ங்கறார். இன்னொருத்தர், பக்கத்து வீட்டுக்காரருக்கு ரிசல்ட் வந்துடுச்சு, அதனால எனக்கும் அர்ஜென்ட்ங்கறார். பொறுமை இல்லாததுக்குப் பேர் அர்ஜென்ட்டா? அந்த வார்த்தை விஷயத்தைப் பத்திச் சொல்லணும், ஆளைப் பத்திச் சொல்லக் கூடாது."

மேனேஜர் தன் அறைக் கதவைக் கை நீட்டிக் காட்டினார்.

"இன்னையிலேருந்து நமக்குள்ளயும் இதான் சட்டம். அர்ஜென்ட் இல்லாத விஷயத்துக்கு என் ரூம் கதவை யாரும் தட்டக் கூடாது. எதுவா இருந்தாலும் சாயங்காலம் சொல்லலாம்."

அப்படிப் பேசிய வாயால் இப்போது எப்படிச் சிவப்பு என்பது? மேனேஜர் கண்ணாடிக் கூட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, பெட்டியை வெள்ளை ட்ரேயில் வைத்தார். அவ்வளவு பெரிய ட்ரேயில் அது ஒன்று மட்டும் கிடந்தது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நிமிர்ந்தால் எதிர்ச் சுவரில் போர்டு. 'சாதா: நான்கு நாட்கள்.' அவரே எழுதி மாட்டச் சொன்னது.

நாலு நாள். அவருக்கு உள்ளே ஒரு வழக்கே நடந்தது. இன்றைக்குத் தெரிந்தாலும் நாலு நாள் கழித்துத் தெரிந்தாலும் கட்டி அதே கட்டிதான். ஆபரேஷன் வேண்டுமென்றால் அடுத்த வாரம்தான் என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆகையால் இது அர்ஜென்ட் இல்லை. அவர் சொன்ன அர்த்தப்படி ஒரு துளிகூட இல்லை. அவசரம் அவருக்குத்தான், கட்டிக்கு இல்லை. வழக்கில் அவரே தோற்றார். தோற்றும் மனசு கேட்கவில்லை, என்ன செய்வது!

பத்து நிமிஷம் தாங்கியிருப்பார். எழுந்து மெஷின் ரூமுக்குப் போனார்.

"சீனியர், சிவப்பு ட்ரே எப்ப முடியும்?"

"சிவப்பா? சாயங்காலம் ஆயிடும் சார். இன்னிக்கு வந்தது எல்லாமே சிவப்புதான்."

"சிவப்புக்கே சாயங்காலம்னா வெள்ளைக்கு?"

"வெள்ளையை யார் சார் கேக்குறாங்க?" என்று சிரித்தார் சீனியர்.

மேனேஜர் சிரிக்கவில்லை. சிவப்பைக் குறைத்தால் வெள்ளை முன்னால் வரும் என்று ஒரு கணக்குப் போட்டார். மனைவிதான் கணக்கு டீச்சர், இவர் இல்லை என்பது அப்போது ஞாபகம் வந்திருக்கலாம். வரவில்லை.

கவுண்டரில் வந்து உட்கார்ந்து, சிவப்பு ட்ரேயில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, கொடுத்தவர்களுக்கெல்லாம் போன் போட்டார்.

"வணக்கம், லேப்லேருந்து பேசறோம். நீங்க குடுத்த ரத்தம் உண்மையிலேயே அர்ஜென்ட்தானா?"

மறுமுனையில் இருந்தவர் ஆடிப்போனார். "ஏன் சார்? என்ன சார் இருக்கு அதுல?"

"ஒண்ணும் இல்ல. அர்ஜென்ட்டான்னு கேட்டேன்."

"லேப்லேருந்தே போன் போட்டு அர்ஜென்ட்டான்னு கேக்குறீங்கன்னா ஏதோ இருக்கு. மறைக்காதீங்க சார். ரொம்ப அர்ஜென்ட்னு போடுங்க. இதோ கிளம்பி வர்றேன்."

இப்படி ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் சொன்னார்கள். இவர் போனை வைப்பதற்குள் அவர்கள் தங்கள் டாக்டர்களுக்குப் போன் போட்டார்கள். டாக்டர்கள் லேப்புக்குப் போட்டார்கள். அரை மணி நேரத்தில் கவுண்டர் முன்னால் கூட்டம் கூடிவிட்டது. இன்றைக்கு மறுபடி கொழுப்பு டெஸ்ட் கொடுத்திருந்த அந்த ஜிம் ஆசாமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்திருந்தார்.

"சார், எல்லாரும் ரொம்ப அர்ஜென்ட்டாம்" என்றாள் கவுண்டர் அக்கா. "அதுக்கு எந்த ட்ரே?"

மேனேஜர் நெற்றியைத் தேய்த்தார். "ரொம்ப அர்ஜென்ட்டுக்கு ரெண்டு ஸ்டிக்கர் ஒட்டு."

ஒட்டினாள். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தங்களுடையதற்கும் இரண்டு கேட்டார்கள். அப்புறம் ஒருவர் மூன்று கேட்டார். கேட்டவருக்குக் கொடுத்தால் கேட்காதவர் சும்மா இருப்பாரா? கொஞ்ச நேரத்தில் மெஷின் ரூமிலிருந்து சீனியர் ஒரு ரத்தக் குழாயை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தார். அடி முதல் மூடி வரை சிவப்பாக இருந்தது.

"ஏம்மா, இது யாரோடது?"

"பேர் பார்த்துக்கோங்களேன் அண்ணே."

"பேர் எங்க தெரியுது? அது மேலதான் ஒட்டியிருக்கியே!"

ஆக, எல்லாவற்றிலிருந்தும் ஸ்டிக்கரை உரிக்கும் வேலை ஆரம்பமாயிற்று. உரிக்கும்போது பேர் எழுதிய தாளும் சேர்ந்து உரிந்தது. இரண்டு மெஷின் சும்மா நின்றன. மேனேஜரே நகத்தால் சுரண்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு பேர் வெளியே வர வர, இதற்கும் பின்னால்தான் அவள் பேர் என்று நினைத்து இன்னும் வேகமாகச் சுரண்டினார். சாதா கட்டியாக இருந்தால் சரி. இல்லாவிட்டால்? அந்த இல்லாவிட்டாலுக்கு அப்பால் அவர் ஒரு தடவைகூட யோசித்துப் பார்த்ததில்லை. செயின் கொக்கி மாட்டும் அந்தப் பின்கழுத்துதான் கண்ணுக்கு முன்னால் நின்றது.

போதும் என்று எழுந்தார். மானம் போனால் போகட்டும். மனைவி பேசாவிட்டால் பரவாயில்லை, பேசாமலே பக்கத்தில் இருந்தால் போதும். ஸ்டிக்கர் சுருளிலிருந்து ஒரே ஒரு சிவப்பு ஸ்டிக்கரைக் கிழித்து விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு, வெள்ளை ட்ரேயை நோக்கி நடந்தார்.

ட்ரேயில் கண்ணாடிக் கூடு இருந்தது. பெட்டியைக் காணோம்.

கூட்டைத் தூக்கிப் பார்த்தார். திறந்தும் பார்த்தார். ட்ரேயைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினார்.

"இங்க இருந்த பெட்டி எங்க?"

"எந்தப் பெட்டி சார்?" கவுண்டர் அக்காவின் கை முழுக்க உரித்த ஸ்டிக்கர். "இந்தக் கூட்டத்துல நான் எதைப் பார்த்தேன்?"

மேனேஜருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தச் சில்லுகளை மறுபடி எடுக்க வேண்டுமானால் அவள் கழுத்தில் மறுபடி ஊசி. நேற்று போட்டபோது அவள் இவர் கையைப் பிடித்த பிடியில் விரல் அச்சு இன்னும் போகவில்லை. அதைவிட, ஒன்றோடு ஒன்று கலந்து வேறு யார் பேரிலோ அது போய்விட்டால்? வேறு யார் முடிவோ அவளுக்கு வந்துவிட்டால்?

"எல்லாத்தையும் நிறுத்துங்க!" என்று கத்தினார். "ஒரு பெட்டி. சின்னது. ரெண்டு ஸ்லைடு. தேடுங்க!"

மெஷின்கள் நின்றன. ஃபிரிட்ஜைக் காலி செய்தார்கள். மேஜைகளை நகர்த்தினார்கள். குப்பைக் கூடைகளைத் தரையில் கொட்டி, அதில் கிடந்த ஸ்டிக்கர்களையெல்லாம் புரட்டிப் பார்த்தார்கள். வெளியே கூட்டம், "நாங்க ரொம்ப அர்ஜென்ட்டுங்க!" என்று கவுண்டரைத் தட்டியது. போன் விடாமல் அடித்தது.

மேனேஜர் மண்டியிட்டு பீரோவுக்கு அடியில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒருவர் மாற்றி ஒருவர் வந்தார்கள்.

"சார், கரண்ட்டு ஆபீஸ்லேருந்து..."

"அர்ஜென்ட்டா?"

"இல்ல சார்..."

"அப்ப சாயங்காலம்!"

"சார், ஒரு விஷயம்..." இது கடைசி ரூம் டாக்டரம்மா. மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதிர்ந்து பேசத் தெரியாதவர்.

"அர்ஜென்ட்டா டாக்டர்?"

டாக்டரம்மா ஒரு கணம் யோசித்தார். நியாயமான மனுஷி. "அப்படிச் சொல்ல முடியாது சார்."

"அப்ப அப்புறம். தயவுபண்ணி அப்புறம்."

"ஸ்டிக்கர் சுருள் தீர்ந்துபோச்சு சார்" என்றாள் அவருக்குப் பின்னால் நின்ற கவுண்டர் அக்கா. அதற்கு மேனேஜர் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

மத்தியானம் ஆயிற்று. பெட்டி கிடைக்கவில்லை. இனி மறைப்பதில் அர்த்தமில்லை என்று அறைக்குள் போய் வீட்டுக்குப் போன் போட்டார்.

"என்னங்க, இப்பத்தான் நேரம் கிடைச்சுதா?" மனைவியின் குரல் கணீரென்று இருந்தது. "சாப்பிட்டீங்களா?"

"ம். நீ என்ன பண்றே?"

"அலமாரியெல்லாம் காலி பண்ணி அடுக்கிட்டிருக்கேன். எது எங்க இருக்குன்னு உங்களுக்கு ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது. எல்லாத்துலயும் எழுதி ஒட்டிட்டேன். இனிமே நீங்களே எடுத்துக்கலாம்."

மேனேஜர் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். இவள் எதற்குத் தயாராகிறாள்?

"அந்த ரிசல்ட் விஷயமா..." என்று ஆரம்பித்தார்.

"அதை விடுங்க. இனிமே நம்ம வீட்டுல அந்தப் பேச்சே வேண்டாம். பாவம், உங்க லேப் ஆளுங்கதான் தங்கமானவங்க."

தங்கமானவர்கள் வெளியே குப்பையைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பயமா இருக்காடி?"

அவள் சிரித்தாள். "எனக்கென்ன பயம்? இத்தனை வருஷமா உங்களையே சமாளிச்சாச்சு. சாயங்காலம் சீக்கிரம் வாங்க, எங்கயாவது வெளிய போகலாம். எத்தனை நாளாச்சு!"

போனை வைத்துவிட்டார். ஒரு மனுஷி தன் பயத்தை விழுங்கிவிட்டு எதிராளிக்காகச் சிரிக்கிறாள். இங்கே ஒருவன் அவள் பெட்டியைத் தொலைத்துவிட்டு வார்த்தைக்கு அர்த்தம் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. கண்ணைத் துடைத்தபோது விரல் நுனியில் இருந்த சிவப்பு ஸ்டிக்கர் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. அதுகூட அவருக்குத் தெரியவில்லை.

அப்படியே வெளியே வந்தார். கூட்டம் அடங்கிற்று. அகராதியின் கன்னத்தில் அர்ஜென்ட் என்று ஒட்டியிருந்ததைப் பார்த்து யாருக்கும் சிரிப்பு வரவில்லை. முகம் அப்படி இருந்தது.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க" என்றார். "தேடிக்கிட்டிருந்தீங்களே ஒரு பெட்டி, அது என் வீட்டுக்காரியோடது. கழுத்துல கட்டி. என்ன கட்டின்னு தெரியல. சாதாவுல குடுன்னு சொன்னா, குடுத்தேன். தொலைச்சுட்டேன்."

கவுண்டர் அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். ஜிம் ஆசாமி பெஞ்சிலிருந்து எழுந்து நின்றார்.

"அன்னைக்கு மீட்டிங்ல பெரிசாப் பேசினேன். அந்த வார்த்தை விஷயத்தைப் பத்தியது, ஆளைப் பத்தியது இல்லைன்னு. நான் சொன்னது தப்பு. ஆளைப் பத்தியதுதான். நமக்கு வேண்டியவங்கன்னா அது அர்ஜென்ட். நீங்க எல்லாரும் சரியாத்தான் சொல்லிக்கிட்டிருந்தீங்க. எனக்குத்தான் அர்த்தம் தெரியல. என்னை மன்னிச்சிடுங்க."

சீனியர் வந்து அவர் தோளைத் தொட்டார். "சார், ஏன் சார் முதல்லயே சொல்லல? சொல்லியிருந்தா எல்லாத்தையும் தள்ளி வச்சுட்டு அதைத்தானே பார்த்திருப்போம்?"

"நான் வேணும்னா அப்புறம் வாங்கிக்கறேங்க" என்றார் கூட்டத்தில் ஒருவர். "எனக்கும் ஒண்ணும் அர்ஜென்ட் இல்ல" என்றார் இன்னொருவர். ஜிம் ஆசாமி தன் ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மேனேஜர் கையெடுத்துக் கும்பிட்டார். "இப்ப எந்த டாக்டர் பார்த்து என்ன? பார்க்க ஸ்லைடு இருந்தாத்தானே?"

கூட்டத்தை மெல்ல விலக்கிக்கொண்டு கடைசி ரூம் டாக்டரம்மா மறுபடி முன்னால் வந்தார். கையில் அந்தச் சின்னப் பெட்டி.

"இப்பச் சொல்லலாமா சார்?" என்றார், தயங்கித் தயங்கி. "நான் வந்ததுலேருந்து வெள்ளை ட்ரேக்கு வந்தது இது ஒண்ணுதான், காலையிலயே எடுத்துட்டுப் போய் மைக்ராஸ்கோப்ல பார்த்துட்டேன், பயப்பட ஒண்ணுமே இல்லாத சாதாக் கட்டி, பெட்டியில இருந்த நம்பருக்குப் போன் போட்டு அப்பவே உங்க வீட்டம்மாகிட்டச் சொல்லிட்டேன். அர்ஜென்ட் இல்லாததுக்கு உங்க கதவைத் தட்டக் கூடாதுன்னீங்க, அதான் சாயங்காலம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."